நுவரெலியாவில் கோல்ஃப்: எங்களை உள்ளே விடுவார்களா?

கேள்வி

அக்கா, நான் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கொழும்பில் வேலை. அலுவலக நண்பர்கள் இழுத்துப்போனதில் ஆறு மாதமாகப் பயிற்சிக் களத்தில் கோல்ஃப் அடித்துப் பழகுகிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கு வரும்போது நுவரெலியா மைதானத்தில் ஒரு சுற்று ஆட ஆசை. எங்களைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா? அங்கே பந்து அதிக தூரம் போகும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மார்ச் 11

தம்பி, விடுவார்கள். காசு கட்டினால் விடுவார்கள். அங்கத்தவர் அல்லாதவர்களுக்குத் தற்காலிக அங்கத்துவம் உண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரையில் கொழும்பு முழுவதும் மலையேறி வந்துவிடும். குதிரைப் பந்தயம் ஒரு பக்கம், மலர்க் கண்காட்சி ஒரு பக்கம், கிரகரி வாவியில் படகுக்கு வரிசை ஒரு பக்கம். கொலர் வைத்த சட்டை போடுங்கள். டெனிம் வேண்டாம்.

மைதானம் 1889இல் தொடங்கியது. 18 குழிகள். மொத்த நீளம் 6000 கஜத்துக்கும் குறைவு என்று கேட்டு லேசாக நினைத்துவிடாதீர்கள். பைனும் சைப்பிரஸும் யூக்கலிப்டஸும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கும். பயிற்சிக் களத்தில் இடம் வலம் பார்க்காமல் விளாசிப் பழகியவருக்கு முதல் மூன்று குழிகளுக்குள் பந்துப் பை காலியாகிவிடும்.

பந்து தூரம் போகுமா? போகும். பத்து விழுக்காடு கூடுதலாகப் போகும். கணக்கு டீச்சர் சொல்கிறேன், நம்பலாம்.

மார்ச் 12, காலை

நம்ப வேண்டாம். இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து என்று நான் எழுதியது வாய்க்கு வந்த எண்.

விளையாடுகிறவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு இதுதான்: கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏறினால் பந்து ஏறத்தாழ 1.2 விழுக்காடு கூடுதலாகப் போகும். நுவரெலியா 6100 அடிச் சொச்சம். ஆக ஏழு விழுக்காடு. கொழும்பில் 150 கஜம் போகும் அடி இங்கே 160ஐத் தொடும். காரணம் காற்று. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தின் சட்டையைப் பிடித்து இழுக்க ஆள் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால்தான் எங்கள் வீட்டில் தண்ணீர் 94 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு மட்டும் வேகாமல் முறைத்துக்கொண்டு கிடக்கிறது. கொழும்பிலிருந்து வரும் என் நாத்தனார் இருபது வருடமாக என் சமையலைக் குறை சொல்கிறாள். குற்றம் காற்றழுத்தத்தின் மீது என்று அவளுக்கு விளக்கி ஓய்ந்துவிட்டேன்.

காற்று மெலிந்தால் பந்து வளைவதும் குறையும். வலது பக்கம் வளைத்து அடிக்கும் நோய் உங்களுக்கு இருந்தால் இங்கே பாதி குணமானது போலத் தோன்றும். கொழும்புக்கு இறங்கியதும் நோய் திரும்பிவிடும்.

குளிர் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு விறைத்துப்போன பந்து, இரண்டு ஸ்வெட்டருக்குள் மாட்டிக்கொண்ட தோள், பனியில் நனைந்து உருள மறுக்கும் புல். ஏழில் எவ்வளவு மிஞ்சும் என்பது அன்றைய விடியலைப் பொறுத்தது.

மார்ச் 14

“டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கேட்ட விதத்தில் கொஞ்சம் எரிச்சல் வந்தது. சரி, சொல்கிறேன்.

அப்பா கெடி. பை தூக்குகிறவர். நகரத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளிலும் சீசன் நாட்களிலும் மைதானத்துக்குப் போவார். சித்திரை மாதத்தில் கங்காணியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வேலை நாளிலும் போவார். ஒவ்வொரு சித்திரையிலும் தவறாமல் வரும் அந்த வயிற்றுவலியைக் கங்காணி கேள்வி கேட்டதில்லை. அவருடைய மச்சானும் அதே நாட்களில் அதே வயிற்றுவலியோடு அப்பாவின் பக்கத்தில் பை தூக்கிக்கொண்டிருந்தார்.

எட்டு வயதில் என்னையும் கூட்டிப்போவார். என் வேலை, மரத்தடியில் நின்று பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பது. அப்பா பந்தைக் கண்ணால் தேடியதை நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நீளப் புல்லுக்குள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே நடப்பார். சட்டென்று நிற்பார். குனிந்து பார்த்தால் வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பந்து உட்கார்ந்திருக்கும். “கல்லா பந்தா என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “பந்துக்கு அம்மைத் தழும்பு இருக்கிறது” என்றார். அந்தக் குழிகளைத் தடவிப் பார்க்கும் அளவுக்கு அவருடைய கால்விரல்கள் விவரமானவை. கொழுந்து மலையில் அட்டை ஏறுவதை உணர்ந்து பழகிய கால் அல்லவா.

2019இல் விதியை மாற்றி, பந்து தேடும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். அப்பாவிடம் சொன்னேன். “செருப்பைக் கழற்றவே மூன்று நிமிடம் ஆகுமே” என்று கவலைப்பட்டார். நல்ல செய்தி ஒன்றும் அதே ஆண்டில் வந்தது: தேடும்போது தெரியாமல் பந்தை அசைத்துவிட்டால் தண்டனை கிடையாது, இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஆடலாம். அப்பாவின் கால்விரலுக்குத் தாமதமாகக் கிடைத்த பொதுமன்னிப்பு.

நான் மட்டையைப் பிடித்தது 44 வயதில். லண்டனிலிருந்து வந்த பள்ளித் தோழி கட்டணத்தைக் கட்டிவிட்டு, “வா, உன் அப்பாவின் மைதானத்தில் ஆடலாம்” என்றாள். அப்பா அங்கே ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. முதல் சுற்றை முடிக்க 131 தடவை அடித்தேன், இந்த ஆட்டத்தில் எண் குறைந்தால்தான் பெருமை. சரியான எண்ணைத் தோழி சொல்ல மறுத்துவிட்டாள், 131 என்பது அவள் கருணை.

மார்ச் 15

யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் எழுதியது: “பங்கருக்குள் விழுந்தால் தண்டனையா அக்கா? எங்கள் ஊரில் பங்கருக்குள் விழாதவர்களுக்குத்தான் தண்டனை.”

மணற்குழிக்குள் விழுவதற்குத் தண்டனை இல்லை அம்மா. அடிப்பதற்கு முன் பந்தின் பின்னால் மட்டையை மணலில் ஊன்றினால்தான் தண்டனை, அடித்த கணக்கில் இரண்டைக் கூட்டிவிடுவார்கள். உங்கள் வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

(இரண்டு நாள் இல்லை, நேற்று மாலையிலிருந்து. கணக்கு டீச்சர்.)

மார்ச் 19

“காசு கட்டினால் விடுவார்கள், யோசிக்க ஒன்றும் இல்லை” என்ற தொனியில் முதல் நாள் எழுதியிருந்தேன். தம்பி அதைப் பிடித்துக்கொண்டு “உங்களுக்கு ஒரு தடவைகூட சங்கடம் வந்ததில்லையா?” என்று தனியாகக் கேட்டிருக்கிறார். இங்கேயே சொல்கிறேன்.

வந்திருக்கிறது. மலையகத்தில்தான், ஒரு கிளப். பெயர் வேண்டாம். தோழி முன்னால் போய்விட்டாள், நான் பின்னால் வந்தேன். சல்வார், கையில் குடை, தோளில் துணிப்பை. காவலாளி நிறுத்தி, “சமையலறைக்குப் புதிதாக வந்தவரா? பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? விருந்தாளி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொப்பியை வாங்கிப் பெயரை எழுதிவிட்டேன். நேரத்தையும் எழுதினேன், 6.40. கையெழுத்து நன்றாக இருந்ததால் அவருக்கே சந்தேகம் வந்து நிமிர்ந்து பார்த்தார்.

பின்னர் தோழியிடம் சொன்னபோது அவள் முகாமையாளரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான்தான் தடுத்தேன். அந்த மனிதரின் வேலை போய்விடுமே.

மார்ச் 20

பதில்கள் சூடாகிவிட்டன. ஒரு வாசகரின் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: லயத்துக் காம்பராவில் நான்கு குடும்பம் நெருக்கிக்கொண்டு கிடக்கும் ஊரில், இத்தனை ஏக்கர் புல்லைப் பந்துக்காக வளர்ப்பது யாருக்காக? அதைப் போய் ஆசையாக எழுதுகிறாயே?

எனக்குத் தெரிந்த ஒரே வழியில், கணக்காகப் பதில் சொல்கிறேன். தோட்டத்தில் வீட்டுக்கென்று நாம் போராடிப் பெற்ற நிலம் ஏழு பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் 1900 சதுர அடிச் சொச்சம். கொடி நட்டு, புல்லைக் கம்பளம் போல வெட்டி வைத்திருக்கும் கிரீன் 5000 சதுர அடி என்பது கோல்ஃப் உலகில் சாதாரண அளவு. கொடிக்குக் கீழே இரண்டரை வீடு. 18 கிரீன்களுக்கு 47 வீடு. இது கிரீன்கள் மட்டும், புல்வெளி தனி.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் அடுத்த மாதம் ஆடப் போவேன். இரண்டையும் மறைக்கவில்லை. அந்த நிலத்தை வாங்கிப் புல்லை வளர்த்தவர்களும், கோப்பியைப் பிடுங்கித் தேயிலையை நட்டு நம் பாட்டன்களைக் கொண்டுவந்து இறக்கியவர்களும் ஒரே கூட்டம் என்பது எனக்கும் தெரியும். ஸ்காட்லாந்தில் கோல்ஃப் மைதானங்களின் ஓரத்தில் மஞ்சள் பூ பூக்கும் முட்புதர் ஒன்று உண்டு. அதையும் இங்கே கொண்டுவந்தார்கள். இன்று ஹோர்ட்டன் சமவெளியில் அது பரவி, வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிடுங்க முடிந்ததும் உண்டு, முடியாததும் உண்டு.

மார்ச் 20, பின்னர்

மேலே கடைசி வரியில் நான் ஏதோ பெரிதாகச் சொல்ல வந்தது போல இருக்கிறது. ஒன்றும் சொல்ல வரவில்லை. செடியைப் பற்றித்தான்.

மார்ச் 26

தம்பி, “கெடி கட்டாயமா? பையை நானே தூக்கிக்கொள்ளலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே நான் விட்ட பிழையைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது தடவை போனபோது கெடி வேண்டாம் என்றேன். அப்பா வயதில் ஒருவர், தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். என் பையை அவர் தூக்க நான் கையை வீசிக்கொண்டு நடப்பதா? பையைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். பத்துக் கிலோவுக்குக் குறையாது. விதிப்படி 14 மட்டை வரை வைத்திருக்கலாம் என்பதற்காகத் தோழி 14ஐயும் விட்டுவிட்டுப் போயிருந்தாள், எனக்குப் பிடிக்கத் தெரிந்தது மூன்று. ஒன்பதாவது குழியில் முதுகு போய்விட்டது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பிளேன்டீயைக் கீழே வைத்தார். “நீ தூக்கினால் அவன் வீட்டில் எப்படி அடுப்பு எரியும்?” என்றார். நான் ஏதோ சமத்துவம், மரியாதை என்று ஆரம்பித்தேன். “விடிகாலை நான்கு மணிக்கு எழும்பி வந்து வரிசையில் நின்றவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறாய். மரியாதையாம்.” அதற்குப் பிறகு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அடுத்த மாதம் அதே மனிதரைத் தேடிப் பிடித்தேன். இப்போது அவரோடுதான் ஆடுகிறேன். பெயரை எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. கிரீனில் நான் எவ்வளவு குந்திப் பார்த்தாலும் சரிவு புரியாது. அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். “டவுன் பக்கம் ஒரு சாண்” என்பார். என் கண்ணுக்கு எதிர்ப்பக்கம்தான் சரிவு தெரியும். அவர் சொன்னபடி தட்டினால் பந்து டவுனைப் பார்த்துத்தான் திரும்புகிறது. குழியின் வாய் 108 மில்லிமீற்றர், ஒரு தேத்தண்ணிக் குவளையைவிடக் கொஞ்சம் அகலம். அதற்குள் பந்து விழும் சத்தம் கேட்டதும் அவர் திரும்பிப் பார்க்காமலே அடுத்த குழிக்கு நடக்கத் தொடங்கிவிடுவார்.

கெடியை எடுங்கள். சொல்வதைக் கேளுங்கள். காசைக் கையில் கொடுங்கள், மேசையில் வைக்காதீர்கள்.

ஏப்ரல் 1

நம்மவர் யாராவது இதில் பெரிய ஆளாக வந்திருக்கிறார்களா என்று ஒருவர். வந்திருக்கிறார்கள். தங்கராஜா, பிரபாகரன் என்று இரண்டு பெயர்களை இந்தியத் தொழில்முறைப் போட்டிகளின் வெற்றியாளர் பட்டியலில் பாருங்கள், இருவரும் இலங்கைக் கொடியோடு ஆடுகிறவர்கள். மிதுன் பெரேரா ஏசியன் டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் ஆடியவர், அவருடைய தகப்பனார் நந்தசேன பெரேராவும் இலங்கை கோல்ஃபில் பெரிய பெயர். கிரிக்கெட் பக்கம் முடிந்த பிறகு மிஞ்சும் இரண்டு அங்குலத்தில் இவர்களைப் போடுவார்கள். முட்டைக்கோசு விலைக்குப் பக்கத்தில்.

ஏப்ரல் 2

சித்திரையில் ஆடுகிறவர்கள் காலையிலேயே முடித்துவிடுங்கள். இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலம் இது. காலை பளிச்சென்று இருக்கும், இரண்டு மணிக்குமேல் மலை இருட்டும், இடி விழும். உலோக மட்டையைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் ஒதுங்குவது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று சொல்லத் தேவையில்லை. மின்னல் ஆபத்து என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்த விதியே இடம் கொடுக்கிறது.

நம்பாதவர்களுக்கு அந்த வளாகத்திலேயே சாட்சி இருக்கிறது: மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் கல்லறை. 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்தவர். 1845இல் நுவரெலியாவில் மின்னல் தாக்கிச் செத்தார். அதோடு விடாமல் கல்லறையின் மீதும் மின்னல் திரும்பத் திரும்ப விழுந்தது என்பது ஊர்க்கதை. கெடிகள் அந்தப் பக்கம் போன பந்தை அதிகம் தேடமாட்டார்கள். அப்பா மட்டும் தேடுவார். “யானைக்குத்தான் அவர் மீது கோபம், எனக்கென்ன” என்பார்.

ஏப்ரல் 3

பதுளை வாசகர் திருத்தியிருக்கிறார், சரிதான். ரொஜர்ஸ் இறந்தது ஹப்புத்தளையில். அடக்கம் செய்ததுதான் நுவரெலியாவில். மின்னலை அவசரத்தில் முப்பது கிலோமீற்றர் தள்ளி விழவைத்துவிட்டேன். என் அடிகள் போலவே.

ஏப்ரல் 5

சில்லறைக் கேள்விகளுக்குச் சில்லறைப் பதில்.

காகம் பந்தைத் தூக்கிக்கொண்டு போனால்? தூக்கியது நிச்சயம் என்றால் தண்டனை இல்லை, இருந்த இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம். நாய்க்கும் அதே விதி. “காகம்தான் தூக்கியது” என்று சொல்லி ஒவ்வொரு குழியிலும் பந்து வைக்கும் ஒரு கனவானை எனக்குத் தெரியும். அவர் போகும் வழியில் மட்டும் காகங்கள் அதிகம்.

நுவரெலியா ஹில் கிளப்பில் சாப்பிடலாமா? 1876இலிருந்து இருக்கும் இடம், பார்க்கலாம். இரவு ஏழுக்குப் பிறகு ஆண்களுக்குக் கோட்டும் டையும் வேண்டும். தம்பி, உங்களிடம் இருக்கிறதா? எனக்கு அந்தச் சூப்பைவிட வெளியே இறங்கி வாங்கும் சுடுசோளம் பிடிக்கும்.

குளிர் ஆகாதவர்கள் எங்கே போவது? கண்டிக்குக் கிழக்கே திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் 18 குழி மைதானம் ஒன்று உண்டு. டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. மேலேயிருந்து பார்த்தால் தண்ணீரும் மலையும் கண்ணை இழுக்கும், பந்தைப் பார்க்க மனம் வராது. உயரம் 1500 அடியை ஒட்டித்தான், அதனால் என் ஏழு விழுக்காட்டுக் கணக்கு அங்கே இரண்டாகிவிடும். 1985இல் திறந்த அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்குள் போனது. என் சின்னம்மா தெல்தெனியக் கடைத்தெருவில்தான் கல்யாணப் புடவை எடுத்தார். அந்தக் கரையில் நின்று நான் தண்ணீருக்குள் இரண்டு பந்து போட்டேன். எந்தக் கடை வாசலில் விழுந்ததோ.

கொழும்பில் ரோயல் கொழும்பு கிளப்பின் ஊடாகக் களனிவெளி ரயில் போகும். 1879இல் தொடங்கிய கிளப். தம்பி, நீங்கள் அங்கே ஆடிவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். எனக்கு ரயில் போகும் வரை மட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும் அந்த இரண்டு நிமிடம் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை.

ஏப்ரல் 9

மார்ச் 19ஆம் தேதிக் குறிப்புக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் காவலாளியைத் திட்டி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சிலர் கிளப்பின் பெயரைக் கேட்டு மல்லுக்கு நிற்கிறீர்கள். நேற்று நடந்து போகும்போது ஒரு விடயம் உறைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்.

அந்தக் கட்டடத்துக்கு முன்வாசல் உண்டு. சரளைக்கல் பாதை, இரண்டு பக்கமும் பூ, மேலே ஏறும் படி. தோழி அதில்தான் போனாள். நான் ஏன் அவள் பின்னால் வரவில்லை? குடையை எடுக்க வானுக்குத் திரும்பினேன், எடுத்தேன், பிறகு என் கால் தானாகப் பின்பக்கம் திரும்பியது. விறகு அடுக்கிய இடம், தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி. அந்த வழி எனக்குப் புதிதல்ல. வேறு கட்டடம்தான், ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் பின்வழி ஒரே மாதிரித்தான் இருக்கும். அப்பா என்னைக் கூட்டிப்போன வழி அது. “இந்தப் பக்கமாக வா” என்று கையைப் பிடித்து இழுப்பாரே, அந்தப் பக்கம்.

சமையலறை வாசலில் காலை ஏழு மணிக்குள் வந்து நின்ற பெண்ணிடம் அந்த மனிதர் வேறு என்ன கேட்பார்? தன் வேலையைச் செய்தார். கொப்பியில் பெயர் எழுதியதும் நான்தான், வழியைத் தேர்ந்ததும் நான்தான். அவரைத் திட்டியதை எல்லாம் நீக்கிவிடுங்கள், தயவுசெய்து.

தம்பி, நீங்கள் முன்வாசலால் போங்கள். முதல் தடவை வீணாக நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டாவது தடவையும் அடித்துக்கொள்ளும். எனக்கு இப்போது எட்டாவது தடவை.

ஏப்ரல் 18

தம்பி ஆடிவிட்டு வந்து எழுதியிருப்பதைப் படித்தீர்களா? 124 அடி, தொலைத்த பந்து பதினொன்று, இடி தொடங்குவதற்கு முன் முடித்துவிட்டார். முன்வாசலால் போனாராம். கெடி எடுத்தாராம். கெடி அவரிடம் முதலில் கேட்டது, “எந்தத் தோட்டம்?” சொன்னதும் அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்தது அதே தோட்டம் என்று தெரியவந்து, பாதிச் சுற்று சொந்தம் பேசியே போயிருக்கிறது. ஆறாவது குழியில் பந்து எங்கே போனது என்று இருவருமே பார்க்கவில்லையாம். பதினொன்றில் ஒன்று அது.

ஏழு விழுக்காட்டைப் பற்றிக் கேட்டேன். “அக்கா, நேராகப் போன பந்து மொத்தம் நான்கு. நான்கை வைத்துச் சராசரி எடுக்கலாமா?” என்று என்னிடமே திருப்பிக் கேட்கிறார். எடுக்கக்கூடாது.

வீட்டில் சிரித்தார்களே, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. எழுதுங்கள்.

ஏப்ரல் 23

தம்பியின் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 79 வயது, காது மந்தம், ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை. பதினொரு பந்து என்றதும் எங்கெங்கே தொலைத்தார் என்று கேட்கிறார். போய் எடுத்துவருவார் போல.

மார்ச் 14ஆம் தேதி “அப்பா அங்கே ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை” என்று எழுதியிருந்தேன். அதையும் திருத்த வேண்டும். நேற்று அந்த வரியை வாசித்தபோது, மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒன்று அடித்திருக்கிறேன்” என்றார்.

நான் பிறப்பதற்கு முன். ஒரு சீசன் மாலை. துரை ஆட்டத்தை முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார், மட்டைகளைத் துடைத்து வைக்க அப்பா தனியாக நின்றிருக்கிறார். மூடுபனி இறங்கி, கிளப் விளக்குகூடத் தெரியாத நேரம். சட்டைப் பையில் அன்று கண்டெடுத்த பந்து ஒன்று. ஏழாம் நம்பர் மட்டையை உருவி, ஒரே ஒரு அடி. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை இழுக்கிற மாதிரிதான் அடித்திருப்பார். அவர் இருந்த இடத்திலேயே கையை வீசிக் காட்டினார், அதில் கோல்ஃபை நான் காணவில்லை. மட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டு லயத்துக்கு ஓடி வந்துவிட்டாராம். இத்தனை வருடமாக அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. துரை அறிந்தால் பை தூக்கும் வேலை போயிருக்கும்.

“பந்து எங்கே போனது?”

“பனியில் என்ன தெரியும்? மரத்தில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது.”

“எந்த மரம்?”

“அதை வெட்டிவிட்டார்கள்” என்றார்.